குண்டு வீசிய அரசுகளே எழுதிய வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நகரங்கள் மீதும் ஜப்பானிய நகரங்கள் மீதும் பிரிட்டனும் அமெரிக்காவும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் குண்டு வீசின. அதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் குண்டு வீசிய அரசுகளே ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்து எழுதவைத்த ஆவணங்களைப் படிக்கும்போது வருகிற அதிர்ச்சி வேறு எதிலும் வருவதில்லை. அந்த ஆவணங்களைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பெரும்பகுதி ஜெர்மனியைப் பற்றியது. ஜப்பானுக்கு ஒரு கேள்விதான்.

“அதிகாரபூர்வ வரலாறு” என்றால் அரசாங்க விளம்பரம்தானே?

விளம்பரமும் அதில் அடக்கம். ஆனால் எல்லாமே விளம்பரம் இல்லை. போர் நடந்துகொண்டிருக்கும்போதே பொதுமக்களுக்காக அச்சிட்டு விற்ற சிறு நூல்கள் ஒரு வகை. அதே நேரத்தில் அமைச்சரவைக்குள் மட்டும் சுற்றிய ரகசிய அறிக்கைகள் இன்னொரு வகை. ஜெர்மனி விழுந்ததும் இடிபாடுகளுக்கு நடுவே போய் அளந்து எழுதிய ஆய்வுகள் உண்டு. பத்துப் பதினைந்து வருடம் கழித்து, கோப்புகள் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி பெற்ற வரலாற்றாசிரியர்கள் எழுதிய பெரிய தொகுதிகளும் உண்டு. நான்கையும் எழுதவைத்தது அரசுதான், ஆனால் நான்கும் ஒரே கதையைச் சொல்வதில்லை. நமக்கு வேலையே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

போர் நடக்கும்போதே வந்த நூல்களில் என்ன இருந்தது?

பிரிட்டனில் 1941-இல் விமானப்படை அமைச்சகம் ‘பாம்பர் கமாண்ட்’ என்ற நூலை வெளியிட்டது. பாம்பர் கமாண்ட் என்பது ஜெர்மனி மீது குண்டு வீசும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருந்த விமானப்படைப் பிரிவின் பெயர். 1939 செப்டம்பரிலிருந்து 1941 ஜூலை வரையிலான தாக்குதல்களைப் படங்களோடு சொல்லும் நூல் அது. அதே ஆண்டு ஜூலையில் ‘டார்கெட் ஃபார் டுநைட்’ என்ற அரசுப் படமும் திரைக்கு வந்தது. நிஜ விமானிகளே நடித்த படம். இரவில் கிளம்பும் ஒரு வெலிங்டன் விமானம் இலக்கைத் தேடிக் கண்டுபிடிக்கிறது, குண்டு விழுகிறது, எண்ணெய்க் கிடங்கு பற்றி எரிகிறது, விமானம் திரும்பி வருகிறது. லண்டன் எரிந்ததைப் பார்த்து நொந்துபோயிருந்த மக்களுக்கு அந்தக் காட்சி எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று புரிகிறது.

அதே ஜூன், ஜூலை மாதங்களில் அதே விமானங்கள் எடுத்த புகைப்படங்களை ஓர் அதிகாரி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகரான செர்வெல் பிரபு கேட்டுக்கொண்டபடி, அமைச்சரவைச் செயலகத்தில் இருந்த டேவிட் பட் என்ற இளம் பொருளாதார நிபுணர் 600-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்து வைத்துக்கொண்டார். குண்டு விழும் நேரத்தில் விமானத்தின் கேமரா கீழே எந்த இடத்தைப் படம் பிடித்தது என்று 100 தாக்குதல்களுக்குச் சரிபார்த்தார். 1941 ஆகஸ்ட் 18 தேதியிட்ட அவருடைய அறிக்கை சில பக்கங்களே. அதன் சாரம் இது: இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு ஐந்து மைல் தூரத்துக்குள்ளேயே போயிருந்தது. ஆலைகள் நெருங்கிக் கிடக்கும், புகை மூடிய ரூர் பகுதியில் பத்தில் ஒன்று. நல்ல நிலவொளி இருந்தால் ஐந்தில் இரண்டு, அமாவாசை இரவென்றால் பதினைந்தில் ஒன்று.

ஐந்து மைல் என்பதை யோசித்துப் பாருங்கள். இலக்கைச் சுற்றி எட்டு கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் ஏறத்தாழ 200 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பெரிய வட்டத்துக்குள் குண்டு விழுந்தாலே ‘சரியாகப் போனது’ என்று கணக்கு. அதிலும் தாக்கினோம் என்றே சொல்லாமல் திரும்பிய விமானங்களைச் சேர்த்துக்கொண்டால், கிளம்பியவற்றில் அந்த வட்டத்துக்குள் போனது ஐந்தில் ஒன்றுதான் என்று ஆகிறது.

நூல் கடைகளில் விற்றது. அறிக்கை பூட்டிய அலமாரியில் இருந்தது. பொதுமக்கள் அதைப் படிக்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த உண்மை தெரிந்ததும் குண்டுவீச்சை நிறுத்திவிட்டார்களா?

இல்லை. குறி தவறுகிறது என்று தெரிந்ததும் குறியைப் பெரிதாக்கினார்கள். ஓர் ஆலையை அடிக்க முடியாவிட்டால் அந்த ஆலை இருக்கும் ஊரையே அடிப்பது என்ற முடிவுக்கு வந்தார்கள். 1942 பிப்ரவரி 14 அன்று பாம்பர் கமாண்டுக்குப் போன உத்தரவு, எதிரி நாட்டுப் பொதுமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மன உறுதியைக் குலைப்பதே முதன்மை நோக்கம் என்றது. மறுநாளே விமானப்படைத் தலைவர் சார்ல்ஸ் போர்ட்டல் ஒரு சிறு குறிப்பு எழுதினார். குறிவைக்க வேண்டியது வீடுகள் நெருங்கிய பகுதிகளையே, கப்பல் கட்டும் துறைகளையோ விமான ஆலைகளையோ அல்ல என்பது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 22 அன்று, ஆர்தர் ஹாரிஸ் பாம்பர் கமாண்டின் தலைவராகப் பொறுப்பேற்றார். பலரும் நினைப்பதுபோல் நகரங்களைத் தாக்கும் கொள்கையை உருவாக்கியவர் ஹாரிஸ் அல்ல. அவர் வந்து உட்காரும்போது உத்தரவு மேசையில் தயாராக இருந்தது.

நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் தொடர்ந்து ராணுவ, தொழில் இலக்குகளைப் பற்றியே பேசினார்கள். 1944 பிப்ரவரியில் பிரபுக்கள் சபையில் எழுந்து நின்று இதைக் கேள்வி கேட்டவர் சிசெஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல். அதற்கும் சில மாதங்கள் முன்பே ஹாரிஸ் அமைச்சகத்துக்கு எழுதிய கடிதத்தில், ஜெர்மன் நகரங்களை அழிப்பதும் தொழிலாளர்களைக் கொல்வதும்தான் நோக்கம் என்பதை மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று வற்புறுத்தியிருந்தார். அமைச்சகம் மறுத்துவிட்டது. ஹாரிஸின் கொள்கையை நான் ஏற்கவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் தன் மேலதிகாரிகளைவிட நேர்மையாக இருந்தார்.

அமெரிக்கர்கள் நடத்திய ‘சர்வே’ என்பது என்ன?

ரூஸ்வெல்ட்டின் ஆணைப்படி 1944 நவம்பர் 3 அன்று அமைக்கப்பட்ட அமெரிக்க மூலோபாயக் குண்டுவீச்சு ஆய்வுக் குழு அது. போர்முனையில் இருக்கும் படைகளை விட்டு, எதிரி நாட்டின் ஆலைகளையும் ஊர்களையும் தாக்குவதைத்தான் மூலோபாயக் குண்டுவீச்சு என்கிறார்கள். தலைவர் ஃபிராங்க்ளின் டோலியர், ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். ராணுவத்தைச் சேராதவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தால்தான் முடிவை உலகம் நம்பும் என்று நினைத்தார்கள். பொருளாதாரப் பிரிவைக் கவனித்தவர் ஜான் கென்னத் கால்பிரெய்த். பின்னாளில், 1961 முதல் 1963 வரை, டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்தாரே, அவரேதான். பின்னாளில் அமெரிக்க அரசில் உயர் பதவிகளுக்கு வந்த ஜார்ஜ் பால், பால் நிட்ஸி ஆகியோரும் இதில் இருந்தார்கள். மக்களின் மனநிலையை ஆராய்ந்த பிரிவில் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் சீருடை போட்டுக்கொண்டு ஜெர்மன் ஊர்களில் பேட்டி எடுத்தார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

300 சிவிலியன்கள், 350 அதிகாரிகள், 500 சிப்பாய்கள் என்ற அளவிலான குழு. படை முன்னேறிய சூட்டோடு சூடாகப் பின்னாலேயே போய், ஆலைகளின் பேரேடுகளையும் ரயில்வே பதிவேடுகளையும் எரிவதற்குள் கைப்பற்றினார்கள். 1945 மே மாதம், ஹிட்லருக்குப் பின் வந்த டோனிட்ஸின் பெயரளவு அரசாங்கம் ஃபிளென்ஸ்பர்கில் இன்னும் கலையாதிருந்தபோதே, அருகிலுள்ள கிளுக்ஸ்பர்க் கோட்டையில் ஆயுத அமைச்சர் ஆல்பெர்ட் ஸ்பியரைச் சந்தித்து நாள்கணக்கில் விசாரித்தார்கள். உங்கள் உற்பத்தியை எது பாதித்தது, எது பாதிக்கவில்லை என்று குண்டு போட்டவர்கள் கேட்க, குண்டு வாங்கியவர் வரிசையாகப் பதில் சொன்னார். ஸ்பியர் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளவும் பேசியிருப்பார் என்பதை மறக்கக்கூடாது. இருந்தாலும் அவர் சொன்ன எண்களைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

சர்வே என்ன கண்டுபிடித்தது?

முதல் அதிர்ச்சி, ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி குண்டு விழ விழ ஏறியது. 1942 தொடக்கத்தை 100 என்று வைத்தால் 1944 ஜூலையில் அது 322. 1942-இல் 15,596 விமானங்கள் செய்த நாடு 1944-இல் 39,807 விமானங்கள் செய்தது. (குண்டு விழாமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவோ ஏறியிருக்கும் என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். வானெதிர்ப்புப் பீரங்கிகளும் சண்டை விமானங்களும் ரஷ்ய முனையிலிருந்து இழுக்கப்பட்டு ஜெர்மனிக்குள் முடக்கப்பட்டன என்பதையும் சொல்கிறார்கள். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதே நேரத்தில், வாக்குறுதி கொடுக்கப்பட்டது உற்பத்தியின் வேகத்தைக் குறைப்பதாக அல்ல, முடக்குவதாக.)

பேரிங் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எந்த இயந்திரமும் பேரிங் இல்லாமல் சுற்றாது. ஜெர்மனியின் பேரிங் உற்பத்தியில் ஏறத்தாழ பாதி ஷ்வைன்ஃபுர்ட் என்ற ஒரே ஊரில் இருந்தது. அதை அடித்தால் போர் இயந்திரமே நின்றுவிடும் என்பது கணக்கு. 1943 ஆகஸ்ட் 17 அன்று ஷ்வைன்ஃபுர்ட்டுக்கும் ரேகன்ஸ்பர்குக்கும் போனதில் 60 அமெரிக்க விமானங்கள் திரும்பவில்லை. அக்டோபர் 14 அன்று மறுபடியும் ஷ்வைன்ஃபுர்ட், மறுபடியும் 60 விமானங்கள். ஒரு விமானத்துக்குப் பத்துப் பேர். ஆலைகள் கடும் சேதமடைந்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜெர்மானியர்கள் கையிருப்பைத் தோண்டி எடுத்தார்கள், இயந்திரங்களை வேறு வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள், பேரிங் குறைவாகத் தேவைப்படும்படி வடிவமைப்பை மாற்றினார்கள். முக்கியமான போர் உற்பத்தியில் இந்தத் தாக்குதல்களால் அளந்து சொல்லும்படியான பாதிப்பு ஏற்பட்டதற்கு ஆதாரமே இல்லை என்று சர்வே எழுதியது. எழுதவைத்தது அதே அரசு என்பதால் அந்த வரியின் கனம் கூடுகிறது.

பெட்ரோல் விஷயத்தில் கதை நேர்மாறு. ஜெர்மனி நிலக்கரியிலிருந்து செயற்கைப் பெட்ரோல் தயாரித்தது. 1944 மே 12 முதல் அந்த ஆலைகள் மீது தாக்குதல் தொடங்கியது. ஏப்ரலில் 1,75,000 டன்னாக இருந்த விமானப் பெட்ரோல் உற்பத்தி ஜூலையில் 30,000, செப்டம்பரில் 5,000 டன். விமானம் இருந்தது, ஓட்டப் பெட்ரோல் இல்லை. புதிய விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கவும் பெட்ரோல் இல்லை.

இதிலும் ஓர் இடத்தை நெருங்கிப் பார்க்கலாம். லாய்னா ஆலை. 22 முறை தாக்கினார்கள், மொத்தம் 6,552 விமானப் பறப்புகள், 18,328 டன் குண்டுகள். சுற்றிலும் புகை போட்டு ஆலையை மறைத்திருந்தார்கள். போட்ட குண்டுகளில் ஆலையின் வேலிக்கு உள்ளே விழுந்தது பத்தில் ஒன்றுதான். ஆனாலும் விடாமல் திரும்பத் திரும்ப அடித்ததால், ஆலை சராசரியாகத் தன் திறனில் 9 சதவீதத்துக்குத்தான் ஓட முடிந்தது. பகலில் பார்த்து, குறி வைத்து அடித்ததாகச் சொல்லப்படும் தாக்குதல்களிலும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு குண்டுதான் குறியிலிருந்து 1,000 அடிக்குள் விழுந்தது.

கடைசி மாதங்களில் ரயில்பாதைகளையும் சரக்கு யார்டுகளையும் தாக்கியதுதான் ஜெர்மன் பொருளாதாரத்தைக் குலைத்துப்போட்ட அடி என்பதும் சர்வேயின் முடிவு. நிலக்கரி வெட்டிக் குவித்துக் கிடந்தது, ஏற்றிச் செல்ல வண்டி இல்லை.

அப்படியானால் “வான்படைதான் தீர்மானித்தது” என்று சர்வே சொன்னதாகப் படித்தேனே?

நீங்கள் படித்தது 1945 செப்டம்பர் 30 தேதியிட்ட சுருக்க அறிக்கையாக இருக்கும். மேற்கு ஐரோப்பியப் போரில் நேச நாடுகளின் வான்படை தீர்மானகரமானது என்ற வரி அதில்தான் வருகிறது. ஐரோப்பா பற்றி மட்டும் 200-க்கும் மேற்பட்ட தனி அறிக்கைகள் உள்ளன. அவற்றைப் படித்தால் எங்கே பலித்தது, எங்கே வீணானது, எங்கே சொல்லவே முடியாது என்று ஒவ்வொரு துறையாக எழுதியிருப்பார்கள். சுருக்கம் எழுதும்போது விமானப்படைத் தளபதிகளுக்கும் கால்பிரெய்த் தரப்புக்கும் கடுமையான தகராறு நடந்தது. அமெரிக்காவில் விமானப்படை அப்போது தரைப்படையின் ஒரு பிரிவு. தனிப் படையாகப் பிரிய வேண்டும் என்று பல வருடங்களாகப் போராடி, 1947-இல்தான் பிரிந்தது. இந்தச் சர்வேயின் வாசகம் ஒவ்வொன்றும் அந்தப் போராட்டத்தில் ஆயுதமாகப் பயன்படும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குண்டு விழுந்து மக்களின் மன உறுதி உடைந்ததா?

மனம் உடைந்தது, ஆனால் வேலைக்குப் போனார்கள். சர்வேயின் மனநிலைப் பிரிவு ஆயிரக்கணக்கான ஜெர்மானியர்களைப் பேட்டி கண்டு எழுதியது இதுதான். வெற்றியில் நம்பிக்கை போயிற்று, தலைவர்கள் மேல் நம்பிக்கை போயிற்று, வீடு போயிற்று. ஆனால் காலையில் ஆலை நின்றுகொண்டிருந்தால் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். காவல் அரசு கழுத்தைப் பிடித்திருந்தது ஒரு காரணம். வேறு போக்கிடம் இல்லாதது இன்னொரு காரணம். ஓர் ஊரில் கொஞ்சம் குண்டு விழுந்தபோது சரிந்த மனநிலை, மேலும் மேலும் குண்டு விழுந்தபோது அதே விகிதத்தில் சரியவில்லை என்பதையும் கண்டார்கள். 1942 பிப்ரவரி உத்தரவின் அடிப்படையே இங்கே ஆட்டம் காண்கிறது.

பிரிட்டன் இப்படி ஒரு சர்வே நடத்தவில்லையா?

நடத்தியது, சிறிய அளவில். பெரிய குழு அமைக்க வேண்டும் என்று விமானப்படை கேட்டபோது, அவ்வளவு ஆட்களையும் மூளையையும் இதில் செலவிட முடியாது என்று சர்ச்சில் மறுத்துவிட்டார். கடைசியில் உருவான சிறு குழுவில் சோலி ஸக்கர்மேன் என்ற விஞ்ஞானியின் கருத்தே ஓங்கியிருந்தது. ரயில்வேயைத் தாக்குங்கள் என்று 1944-இல் வாதாடியவர் அவர். ரயில்வே தாக்குதலே பலன் தந்தது என்று அறிக்கையும் சொன்னதில் அதனால் சிலருக்குச் சந்தேகம் உண்டு. நகரங்களை அடித்ததால் போர் உற்பத்தி பெரிதாகக் குறையவில்லை என்றும் அது எழுதியது. ஒரு சிலருக்கு மட்டும் கொடுக்கப்பட்ட அந்த அறிக்கை பொதுமக்கள் கைக்கு வந்தது 1998-இல்.

பிரிட்டனின் நான்கு தொகுதி வரலாற்றைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சு ஏன்?

1961 அக்டோபரில் வெளிவந்த ‘ஜெர்மனி மீதான மூலோபாய வான்தாக்குதல்’ என்ற அந்த வரலாறு, என் கருத்தில், அரசு எழுதவைத்த போர் வரலாறுகளிலேயே தைரியமானது. எழுதியவர்கள் இருவர். சர் சார்ல்ஸ் வெப்ஸ்டர், ராஜதந்திர வரலாற்றில் பெயர்பெற்ற முதிய பேராசிரியர். நோபல் ஃபிராங்க்லாண்ட், பாம்பர் கமாண்டில் நேவிகேட்டராகப் பறந்து பதக்கம் வாங்கிய இளைஞர், பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் இதே விஷயத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நள்ளிரவில், கும்மிருட்டில், காற்று எங்கே தள்ளுகிறது என்று தெரியாமல் வரைபடத்தின் மேல் பென்சில் பிடித்த கை அது. இலக்கைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதி முடித்த பிறகும் அச்சுக்குப் போவது எளிதாக இல்லை. விமானப்படை அமைச்சகத்திலிருந்து எதிர்ப்பு வந்தது, ஆண்டுகள் ஓடின. புத்தகம் கடைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1961 ஆகஸ்டில், வெப்ஸ்டர் இறந்துவிட்டார். வெளிவந்ததும் எழுந்த புயலை ஃபிராங்க்லாண்ட் தனியாகத் தாங்கினார். குண்டுவீச்சு ஒரு தோல்வி என்று அரசு வரலாறே ஒப்புக்கொண்டதாகப் பத்திரிகைகள் எழுதின. ஹாரிஸுக்குத் துணைத் தளபதியாக இருந்த ராபர்ட் சாண்ட்பி வெளிப்படையாகச் சாடினார்.

உண்மையில் நூலின் முடிவு அதுவல்ல. நகரங்கள் மீதான தாக்குதல் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று விரிவாகக் காட்டிய அதே ஆசிரியர்கள், கடைசிக் கட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் குண்டுவீச்சு வெற்றிக்குத் தீர்மானகரமான பங்களிப்பு செய்தது என்றும், அதைவிடக் குறைத்துச் சொல்பவர்கள் தவறாகச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு தரப்பும் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. இன்றும் அதே பாதிகள்தான் மேற்கோள் காட்டப்படுகின்றன.

அந்த வரலாறு வெளியே கொண்டுவந்த மிகப் பெரிய விஷயம் 1944-45 குளிர்காலக் கடிதங்கள். எண்ணெய் ஆலைகளை அடியுங்கள் என்று போர்ட்டல் எழுதுகிறார். 1944 நவம்பர் 1 அன்று ஹாரிஸ் பதில் எழுதுகிறார்: முக்கியமான 60 ஜெர்மன் நகரங்களில் 45-ஐ ஏறக்குறைய அழித்துவிட்டோம், மிச்சத்தையும் முடிக்க விடுங்கள். எண்ணெய் என்பது அவருக்கு இன்னொரு ‘சர்வரோக நிவாரணி’, ஏளனமாகத்தான் அப்படிச் சொன்னார். கடிதப் போர் தொடர்ந்து, ஜனவரியில் தன்னை வேண்டுமானால் பதவியிலிருந்து நீக்கிக்கொள்ளுங்கள் என்கிறார் ஹாரிஸ். போர்ட்டல் நீக்கவில்லை. போரின் கடைசிக் குளிர்காலத்தில், எதை அடித்தால் போர் சீக்கிரம் முடியும் என்பதில் தலைவருக்கும் தளபதிக்கும் ஒத்துப்போகவில்லை. அந்த இடைவெளியில் நகரங்கள் எரிந்துகொண்டிருந்தன.

இந்த வரலாறுகளில் இறந்தவர்களுக்கு இடம் இருக்கிறதா?

என் பெரிய குறையே இதில்தான். டன் கணக்கு இருக்கிறது, பறந்த எண்ணிக்கை இருக்கிறது, கூரை இழந்த பரப்பளவு இருக்கிறது. ஜெர்மனியில் 3,00,000 பொதுமக்கள் இறந்ததாகவும் 75 லட்சம் பேர் வீடிழந்ததாகவும் அமெரிக்கச் சுருக்க அறிக்கை ஒரு பத்தியில் சொல்லிவிட்டுப் போகிறது. (இறந்தவர்கள் அதைவிட அதிகம் என்பதே பிற்கால மதிப்பீடுகள்.) ஆனால் தேடினால் சில இடங்களில் மனிதர்கள் தென்படுகிறார்கள்.

பிரிட்டிஷ் வரலாற்றின் நான்காம் தொகுதி முழுக்கப் பின்னிணைப்புகள். அதற்குள் ஹாம்பர்க் நகரக் காவல்துறைத் தலைவர் 1943-இல் எழுதிய அறிக்கையின் பகுதிகள் இருக்கின்றன. அந்த ஜூலை 27 இரவு 787 விமானங்கள் ஹாம்பர்க் மீது கிளம்பின. வெயில் காலம், காய்ந்த காற்று, தொழிலாளர் குடியிருப்புகள் நெருங்கிய பகுதி. சிறு சிறு தீகள் ஒன்றுசேர்ந்து தீப்புயலாக எழுந்தன. எரியும் தெருவை நோக்கிச் சுற்றிலும் இருந்த காற்று இழுக்கப்பட்டது. அந்த வேகத்தில் பெற்றோரின் கைகளிலிருந்து குழந்தைகள் பிடுங்கப்பட்டுத் தீக்குள் சுழற்றி எறியப்பட்டதை அந்தக் காவல்துறை அதிகாரி எழுதியிருக்கிறார். பாதுகாப்பு நிலவறைகளுக்குள் இருந்தவர்கள் வெளியே வரவில்லை. அவர்களில் பலர் கார்பன் மோனாக்சைடு மூச்சில் ஏறி, உட்கார்ந்த நிலையிலேயே இறந்தார்கள். அமெரிக்கச் சர்வேயின் மருத்துவ அறிக்கை அதைப் பிரேதப் பரிசோதனை விவரங்களோடு பதிவு செய்திருக்கிறது. ஹாம்பர்க்கில் அந்தச் சில நாட்களில் இறந்தவர்கள் 34,000 முதல் 40,000 வரை. எதிரி நாட்டுப் போலீஸ்காரர் எழுதிய பக்கங்களைத் தன் நாட்டு அரசு வரலாற்றுக்குள் அச்சேற்றியதற்காக அந்த இரண்டு ஆசிரியர்களையும் மதிக்கிறேன். அது பின்னிணைப்பில் இருப்பதுதான் வருத்தம்.

விமானத்தில் போனவர்களையும் விட்டுவிட முடியாது. பாம்பர் கமாண்டில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இருபது வயதைச் சுற்றியவர்கள். 1944 மார்ச் 30 இரவு நூரெம்பர்க்குக்குக் கிளம்பிய 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. அவர்களுக்கு லண்டனில் நினைவுச்சின்னம் எழுந்தது 2012-இல்தான்.

ட்ரெஸ்டனில் இரண்டு லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உண்மையா?

இல்லை. அந்த எண் நாஜிப் பிரச்சாரத்திலிருந்து கிளம்பியது. ட்ரெஸ்டன் நகரம் அமைத்த வரலாற்றாசிரியர் குழு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 2010-இல் கொடுத்த முடிவு: 1945 பிப்ரவரி 13 முதல் 15 வரையிலான தாக்குதல்களில் இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000. எண்ணை உயர்த்தினால்தான் கொடுமை புரியும் என்று நினைக்க வேண்டியதில்லை, இதுவே தாங்க முடியாத எண்.

மார்ச் 28 அன்று சர்ச்சில் எழுதிய குறிப்பு ஒன்றும் பிரிட்டிஷ் வரலாற்றில் அச்சாகியிருக்கிறது. வேறு சாக்குச் சொல்லிக்கொண்டு வெறும் பீதியைக் கூட்டுவதற்காகவே ஜெர்மன் நகரங்கள் மீது குண்டு போடுவதை மறுபரிசீலனை செய்யும் நேரம் வந்துவிட்டது என்று அதில் எழுதினார். விமானப்படைத் தலைமை கொதித்தது. குறிப்பைத் திரும்பப் பெற்று, ஏப்ரல் 1 அன்று மென்மையாக வேறொன்று எழுதினார். இரண்டு குறிப்புகளையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும்.

ஜப்பான் பற்றி?

1945 மார்ச் 9 இரவு டோக்கியோ மீது விழுந்த எரிகுண்டுகளில் 80,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஏறத்தாழ 41 சதுர கிலோமீட்டர் சாம்பலானது. அதன்பின் வரிசையாக நகரங்கள், ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி. போர் முடிந்ததும் அதே அமெரிக்கச் சர்வே டோக்கியோவுக்குப் போய், 700-க்கும் மேற்பட்ட ஜப்பானிய அதிகாரிகளை விசாரித்தது. அணுகுண்டு போடாவிட்டாலும், ரஷ்யா போரில் இறங்காவிட்டாலும், படையெடுப்பே திட்டமிடப்படாவிட்டாலும்கூட ஜப்பான் 1945 டிசம்பர் 31-க்குள், பெரும்பாலும் நவம்பர் 1-க்குள், சரணடைந்திருக்கும் என்பது 1946-இல் அது வெளியிட்ட முடிவு.

அணுகுண்டு தேவையில்லை என்று வாதிடுவோர் எல்லோரும் எடுத்துக்காட்டும் வரி இது. எனக்கும் அந்தக் குண்டுகள் போடப்பட்டிருக்கக் கூடாது என்றே தோன்றுகிறது. ஆனால் இந்த வரியை அதற்குச் சாட்சியாகக் கூப்பிடத் தயக்கம் உண்டு. குழு திரட்டிய விசாரணைப் பதிவுகளே இந்த உறுதியைத் தாங்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். சாதாரணக் குண்டுவீச்சே போதுமானதாக இருந்தது என்று சொல்வது விமானப்படைக்கு உவப்பான முடிவு என்பதையும் கவனியுங்கள். கடற்படையோ, கப்பல்களை மூழ்கடித்து ஜப்பானைப் பட்டினி போட்டது நாங்கள்தான் என்று அதே குழுவுக்குள் சண்டை பிடித்தது.

ஹாரிஸ் தன் தரப்பை எழுதவில்லையா?

எழுதினார். 1945-இல் அரசுக்கு அவர் கொடுத்த நீண்ட போர் அறிக்கையை அமைச்சகம் வெளியிட மறுத்து, தன் மறுப்பையும் சேர்த்து உள்ளுக்குள் மட்டும் சுற்றுக்கு விட்டது. 1995-இல்தான் அச்சில் வந்தது.

மற்ற நாடுகள்?

ஜெர்மனியின் ராணுவ வரலாற்று ஆய்வு நிறுவனம் 1979 முதல் 2008 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட போர் வரலாற்றில், ஜெர்மனி மீதான வான்போருக்குப் பெரும் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஜெர்மனியே வார்சாவையும் ராட்டர்டாமையும் முதலில் எரித்தது என்பதை மறைக்காமல் எழுதிய வரலாறு அது.

கனடாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பாம்பர் கமாண்டில் ஏறத்தாழ 10,000 கனடியர்கள் இறந்திருக்கிறார்கள். ஒட்டாவாவில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் ஒரு சிறு பலகை, இந்தக் குண்டுவீச்சின் பயனும் நியாயமும் இன்றும் சர்ச்சைக்குரியவை, போரின் கடைசிக் கட்டம் வரை ஜெர்மனியின் போர் உற்பத்தி கொஞ்சமே குறைந்தது என்ற பொருளில் எழுதியிருந்தது. முன்னாள் வீரர்கள் வெகுண்டு எழுந்தார்கள், விவகாரம் செனட் வரை போனது, 2007-இல் வாசகம் மாற்றப்பட்டது. தோழனை எரியும் விமானத்தில் பார்த்தவருக்கு அந்தப் பலகை எப்படி வலித்திருக்கும் என்று உணர முடிகிறது. ஆனால் பழைய பலகையில் இருந்த தகவல் பெரும்பாலும் நேச நாடுகளின் சொந்த ஆய்வுகள் சொன்னதுதான்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பிரிட்டிஷ் வரலாற்றை முதல் தொகுதியிலிருந்து தொடங்காதீர்கள், நடுவிலேயே மூச்சு வாங்கும். நான்காம் தொகுதியை எடுங்கள். முதலில் பட் அறிக்கை. பிறகு ஹாம்பர்க் காவல்துறை அறிக்கை. அடுத்து, எண்ணெய் ஆலைகள் தாக்கப்பட்டதும் ஸ்பியர் ஹிட்லருக்கு எழுதிய அறிக்கைகள். 1944 ஜூனிலேயே அவர் குரலில் பதற்றம் தெரியும். மூன்றையும் முடித்துவிட்டு மூன்றாம் தொகுதியில் போர்ட்டலும் ஹாரிஸும் எழுதிக்கொண்ட கடிதங்களுக்கு வாருங்கள். அமெரிக்கச் சர்வேயின் அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கால்பிரெய்த் பிரிவின் பொருளாதார அறிக்கையையும் மனநிலைப் பிரிவின் அறிக்கையையும் முதலில் படித்துவிட்டு, எல்லோரும் மேற்கோள் காட்டும் சுருக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் சுருக்கும்போது எதை விட்டுவிட்டார்கள் என்பது கண்ணில் படும்.